ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம்

அன்புள்ள அண்ணா,

நேற்றுக் காலை ஷெட்டில் இருந்தது மூன்று பேர். டிரைவர் சீட்டில் நான். இன்ஜினுக்குப் பக்கத்தில், கவிழ்த்த வாளிமேல் மெக்கானிக். வாசற்படியில், கைப்பையை மடியில் இறுக்கியபடி அண்ணி.

மூன்று வாரமாக உன் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ‘வழக்கம்போல் ஓடியது’ என்று நான் உனக்கு எழுதியது பொய்.

மெக்கானிக் நான்கு பிளக்கையும் கழற்றித் துணிமேல் வரிசையாக வைத்தார். முதல் துளையில் அழுத்தம் பார்க்கும் கேஜைத் திருகினார்.

“ஆக்சிலேட்டரைத் தரையோட மிதிச்சுக்கிட்டு சாவியத் திருப்புங்க சார். எறும்பா சாகப்போகுது? நல்லா மிதிங்க.”

நூற்று நாற்பது காட்டவேண்டிய முள் அறுபதில் நின்றது. அடுத்தது ஐம்பத்தைந்து. மூன்றாவது ஐம்பது. கடைசி அறுபத்திரண்டு. வால்வுக் கோளாறாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். அதென்றால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்துவிடலாம். ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தார். முள் நூற்றுப்பத்தைத் தொட்டது. நான் சிரித்துவிட்டேன்.

“சிரிக்காதீங்க. வால்வுன்னா எண்ணெய் விட்டாலும் முள் ஏறாது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல சந்து விழுந்திருக்கு. அந்தச் சந்தை எண்ணெய் அடைச்சதும் ஏறுது.”

மத்தியானம் ஹெட்டைத் திறந்தார். டார்ச் வெளிச்சத்தில் நான்கு சுவரிலும் துருக்குழி. இன்ஜின் ஆயிலை விரலில் தொட்டு மோந்தார். பெட்ரோல் நாற்றம்.

“எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?”

“ஓட்டவே மாட்டேன். ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணுவேன், சரியா அஞ்சு நிமிஷத்துல அணைச்சிடுவேன். ஒன்பது வருஷம். தேதி குறிச்சுவச்ச நோட்டு இருக்கு.”

வாங்கிப் புரட்டினார். “நோட்டு மணிமணியா இருக்கு சார். இன்ஜின்தான் போயிடுச்சு. சூடேறுறதுக்குள்ள அணைச்சா, சுவர்ல இருக்கிற எண்ணெயைப் பெட்ரோல் கழுவிடும், ஈரம் உள்ளயே தங்கிடும். இதுக்குத் தொடாமலே விட்டிருக்கலாம்.”

நீ எழுதியது, வாரம் ஒருமுறை ஊரைச் சுற்றி ஓட்டச் சொல்லி. கீறல் விழுமே என்று பயந்து நான்தான் அதை ஐந்து நிமிடமாக்கினேன்.

“குழி போற அளவுக்குச் சுவரைக் கடைஞ்சு பெரிய பிஸ்டன் போட்டா?” என்று கேட்டேன்.

“ஏற்கெனவே ரெண்டு தடவை கடைஞ்சிருக்கு. இனிமே சுவர் தாங்காது.”

அவர் கிளம்பியதும் அண்ணி வாசற்படியிலிருந்து எழுந்து வந்தார். “இதை அவருக்கு எழுதாதீங்க தம்பி. விடுதலைக்கு நாப்பது நாள்தான் இருக்கு. ஜெயில் வாசல்ல வண்டி நிக்கும், தானே ஓட்டிட்டு வரலாம்னுதான் அவரு நாளை எண்ணிக்கிட்டிருக்காரு” என்றார்.

“வெளிய வந்ததும் தெரிஞ்சிடுமே அண்ணி.”

“தெரியட்டும். வெளிய இருந்து தெரிஞ்சுக்கட்டும். உள்ள இருக்கிறவருக்கு ஏன் சொல்றீங்க?”

அண்ணி சொல்வதுதான் நியாயம். ஆனாலும் நீ வெளியே வந்து தெருவின் இரண்டு பக்கமும் வண்டியைத் தேடுவாய். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன், உன் நல்லதுக்கு என்று சொல்ல மாட்டேன். பதில் எழுதவேண்டாம். திட்டி எழுதினாலும் சரி.

இந்தக் கடிதத்தை ஒட்டினாலும் ஜெயிலில் பிரித்துப் படித்த பிறகே உன்னிடம் தருவார்கள். இருந்தும் ஓரம் விடாமல் பசை தடவியிருக்கிறேன். அடுக்களையில் அண்ணியின் சத்தம் கேட்கிறது. அவர் வந்து கையைப் பிடிப்பதற்குள் ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.

உன் தம்பி