அறுநூற்று நாற்பத்தோராவது உறுப்பினர்

சின்னராஜுக்குப் பொய் சொல்ல வராது என்று அவனுடைய அம்மா நல்லம்மாள் நாமகிரிப்பேட்டை முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தாள். அப்படிப்பட்ட பிள்ளை 1986ஆம் வருஷம் ஆவணி மாதத்தில், சேலத்துக் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, உலகத்தில் இல்லாத ஒரு பெண்பிள்ளையை உண்டாக்கினான். அதுவும் மேல்படிப்புக்காக.

பேராசிரியர் சுவாமிநாதனுக்கு ஒரு கொள்கை இருந்தது. அலுவலகங்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் நூறு பொய்ப் பெயர்களைப் போட்டுச் சோதிக்கிறார்கள்; அது வெட்டி வேலை, ஒரே ஓர் ஆள் போதும் என்பார். அந்த அலுவலகத்துக்கு எத்தனை விதமான மனு வருமோ அத்தனையும் அந்த ஒருத்தர் தலையிலேயே விழவேண்டும். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்துவிட்டால் புரோகிராம் தேறிவிட்டது. இதை நிரூபிக்கத்தான் சின்னராஜை ராசிபுரம் பக்கத்தில் ஒரு விசைத்தறி நெசவாளர் சங்கத்துக்கு அனுப்பினார். சின்னராஜ் மூன்று மாதம் அங்கே கிடந்து, சங்கத்தின் உதவித் திட்டத்தில் இருந்த ஒவ்வொரு படிவத்தையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை வைத்துப் புரோகிராம் எழுதினான். மொத்தம் முப்பத்திரண்டு கிளைகள்.

சங்கத்துப் பேரேட்டில் அறுநூற்று நாற்பது உறுப்பினர்கள். அவனே இரண்டு தடவை எண்ணினான். ஆகவே சோதனைக்கான ஆளுக்கு அறுநூற்று நாற்பத்தொன்று என்று எண் கொடுத்தான். பெயர் வேண்டுமே என்று யோசித்தபோது, காலையில் பஸ்ஸில் யாரோ யாரையோ சென்னியம்மாள் என்று கூப்பிட்டது ஞாபகம் வந்தது. அப்போது பஸ் நின்ற ஊர் புதுச்சத்திரம். வயது ஐம்பத்திரண்டு. விதவை, ஏனென்றால் விதவைக்கு ஒரு கிளை இருந்தது. வாரிசு என்ற இடத்தைக் காலியாக விட்டால் புரோகிராம் ஏற்காது. அந்தக் கட்டுப்பாட்டை எழுதியவனே அவன்தான். மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்துவிடும் என்ற அவசரத்தில் தன் பெயரையே அடித்தான். உறவு: மகன்.

பிறகு ஒவ்வொன்றாக ஓட்டினான். பதினொன்றாவது சோதனையில் மழைக்குக் கூரை விழுந்தது. பத்தொன்பதாவது சோதனையில் தறியில் ஊடை நூலோடு ஓடும் நாடா தெறித்துக் கண் போனது. வலது கண்ணா, இடது கண்ணா என்று படிவம் கேட்டது. சட்டைப் பையில் இருந்த எட்டணாவைச் சுண்டிப் பார்த்து வலது என்று போட்டான். கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்ட ஆப்பரேட்டர் தெய்வநாயகிகூட, "ஏனுங்க, அந்தம்மாளை இந்தப் பாடு படுத்துறீங்க" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் அந்தச் சோதனைகளின் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டு ராசிபுரம் போனான். தாளின் அமைப்பு சரியா என்று கேட்பதுதான் நோக்கம். சங்கச் செயலாளர் கந்தப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நம்ம புதுச்சத்திரத்துச் சென்னியம்மா தானுங்களே. பாவமுங்க, போன செவ்வாக்கிழமைதான் கண்ணு போச்சு. மனுவே இன்னும் எங்கிட்ட வரலீங்க. உங்களுக்கு எப்படீங்க அதுக்குள்ள வந்துச்சு?"

சோதனை ஓட்டியது அதே செவ்வாய்க்கிழமை. சின்னராஜ் பேரேட்டை வாங்கிப் புரட்டினான். கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில், 641 இருந்தது. மை பழையது. பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை. நான்தான் எண்ணும்போது விட்டிருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெயரும் ஊரும் பஸ்ஸில் காதில் விழுந்தவை, அப்படி ஒருத்தி இருப்பதில் அதிசயம் என்ன என்றும் சொல்லிக்கொண்டான். கண்ணைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இருபத்து நான்காவது சோதனை, தறி எரிந்துபோவது. அதை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, பேராசிரியர் விரட்டியதும் ஒரு வியாழக்கிழமை ஓட்டினான். சனிக்கிழமை கந்தப்பனிடமிருந்து கார்டு வந்தது. வேறு என்னென்னவோ எழுதிவிட்டு, கடைசியில், வியாழன் அன்று மின்கசிவில் சென்னியம்மாளின் தறி எரிந்துவிட்டது, அதற்குரிய படிவம் கம்ப்யூட்டரில் எந்த எண் என்று கேட்டிருந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அடுத்த ஏழும் சில்லறைத் துன்பங்கள், ரேஷன் கார்டு தொலைவது, குடியிருக்கும் சாளைக்கு நோட்டீஸ் வருவது என்று. அவற்றை அவன் திரையைப் பார்க்காமலே ஓட்டினான். மிச்சம் இருந்தது முப்பத்திரண்டாவது மட்டும். உறுப்பினர் மரணம்.

"சார், இதுக்கு மட்டும் வேற பேர் போட்டுக்கலாமுங்களா?" என்று பேராசிரியரிடம் போய் நின்றான்.

"வேற ஆளைப் போட்டா என் கொள்கையே போச்சேப்பா. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் குடுக்கணும். ஒரு நிமிஷ வேலைக்கு ஏன் இப்படி முழிக்கிற?"

வேறு பெயர் போட்டாலும் அந்தப் பெயரில் யார் எங்கே எழுந்து உட்காருவார்களோ என்ற பயம் அவனுக்கு அப்போதுதான் வந்தது. இரண்டு வருஷப் படிப்பு, அப்பா மஞ்சள் விற்றுக் கட்டிய ஃபீஸ், எல்லாம் ஒரு பக்கம். மறு பக்கம் பார்த்தே இராத ஒரு கிழவி. வியாழக்கிழமை காலையில் முப்பத்திரண்டாவது சோதனையை ஒரு சீட்டில் எழுதித் தெய்வநாயகியின் மேசையில் வைத்தான். "ஒரு வேலையா வெளிய போறேனுங்க. மூணு மணிக்குள்ள எம்பட போன் வரலைன்னா நீங்களே ஓட்டிருங்க" என்றான். புதுச்சத்திரம் போய்ப் பார்ப்பது. பயப்படும்படி இருந்தால் போன் போட்டு நிறுத்துவது, ஒன்றும் இல்லை என்றால் பேசாமல் இருந்துவிடுவது. எது நடந்தாலும் தன் விரல் பட்டதாக இருக்காது. படித்தவன் கெட்டிக்காரத்தனம் இப்படித்தான் போகும்.

புதுச்சத்திரத்தில் இறங்கி நெசவாளர் தெருவுக்குள் நுழைந்ததுமே காது அடைத்தது. அந்தத் தெருக்களில் பகல் முழுக்கத் தறிச் சத்தம் ஓயாது. கரண்ட் போனால் ஓயும். இல்லாவிட்டால் தெருவில் சாவு விழுந்தால் எல்லா வீட்டிலும் நிறுத்துவார்கள். மற்றபடி பேச்சு எல்லாமே கத்தல்தான். பெட்டிக்கடையில் சென்னியம்மாள் வீடு எது என்று கத்திக் கேட்டான்.

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணு போனப்ப வரலை, தறி எரிஞ்சப்ப வரலை. பெத்தவ ஊடு எதுன்னு எங்கிட்டக் கேக்குறியா சின்னராஜு?" என்றவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு மூன்றாவது வீட்டைக் காட்டினார்.

சின்னராஜ் ஓரடி பின்வாங்கினான். திரும்பி ஓடியிருப்பான். ஆனால் அதற்குள் அந்த வீட்டு வாசலில் அவள் வந்து நின்றுவிட்டாள். குள்ளமான உருவம், வலது கண்ணில் பஞ்சு வைத்த கட்டு. பின்னால் ஒரு பக்கச் சுவர் கரி படிந்திருந்தது. விழுந்த கூரையின் மேல் தார்ப்பாய் கட்டியிருந்தது. பதினொன்று, பத்தொன்பது, இருபத்து நான்கு என்று அவன் மனசு தானாக எண்ணியது.

"வா சாமி. கையைக் காலைக் கழுவிட்டு வந்து உக்காரு. கொள்ளுப்பருப்பு கடைஞ்சு வெச்சிருக்கேன்."

கொள்ளுப்பருப்பு என்றால் அவனுக்கு உயிர். அது நாமகிரிப்பேட்டையில் நல்லம்மாளுக்குத் தெரியும். இவளுக்கு எப்படித் தெரிந்தது? உட்காரக் கூடாது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தான். சோறு போட்டுப் பருப்பை ஊற்றினாள். அதே பூண்டு வாசம்.

"நான் உங்க மகன் இல்லீங்க" என்றான் அவன். குரல் தறிச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அவளுக்கு மட்டும் கேட்டுவிட்டது.

"எழுதுனது நீதான சாமி. அப்புறம் இல்லைங்கிற" என்றாள். கோபமே இல்லை. அவன் தட்டில் கையை வைத்தபடி இருக்க, இன்னொரு கரண்டி ஊற்றினாள். "உன்னையக் குத்தம் சொல்லலை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அங்க நல்லதுக்குன்னு ஒரு மனுவும் இல்லையா சாமி?"

அவன் முப்பத்திரண்டு கிளைகளையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். போன கண் திரும்புவதற்கு, எரிந்த இடத்தில் புதுத் தறி ஓடுவதற்கு, ஒருத்தி சும்மா ஒரு நாள் சந்தோஷமாக இருந்ததற்கு, எதற்கும் சங்கத்தில் படிவம் கிடையாது. கேட்டு எழுதியிருக்கலாம் என்று மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அவனுக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"இல்லீங்க" என்றான்.

"சரி உடு. இன்னும் எத்தனை பாக்கி?"

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். "ஒண்ணு."

அவள் சட்டியில் மிச்சம் இருந்த பருப்பையும் வழித்து அவன் தட்டில் போட்டாள். பிறகு, "அப்பச் சாப்புட்டு முடிச்சுட்டே போ. பாதிச் சோத்துல எந்திரிக்காத" என்றாள்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. படிப்பாவது, பேராசிரியராவது, இந்தப் பெண்பிள்ளை உயிரோடு இருக்கட்டும் என்று அந்தக் கணத்தில் அவன் முழு மனசோடு நினைத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றே முக்கால். நேரம் இருக்கிறது. சோற்றை வழித்து விழுங்கி, தட்டைக் கழுவக்கூட நிற்காமல், "இதோ வாரேனுங்க... வாரேம்மா" என்று சொல்லிவிட்டுத் தபாலாபீசுக்கு ஓடினான். வாசலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேலத்துக்கு டிரங்கால் போட்டுத்தான் பேச வேண்டும். நம்பரை எழுதிக் கொடுத்தான். போஸ்ட் மாஸ்டர் பதிவு செய்துவிட்டு, லைன் கிடைத்தால் மணி அடிக்கும், உட்காருங்கள் என்றார். சின்னராஜ் உட்காரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டானது. இரண்டு பத்தானது. மூன்று மணி வரைக்கும் தெய்வநாயகி அந்தச் சீட்டைத் தொடமாட்டாள், சொன்ன சொல்லில் கறாரான பொண்ணு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

இரண்டே காலுக்குத் தெருவில் ஒரு தறி நின்றது. பிறகு பக்கத்துத் தறி. வரிசையாக ஒவ்வொன்றாக நின்று, ஊரே திடீரென்று காலியானதுபோல் ஆகிவிட்டது. எங்கேயோ கோழி கேறுவது கேட்டது.

"கரண்ட் போயிருச்சுங்களா?" என்றான் சின்னராஜ்.

போஸ்ட் மாஸ்டர் மேலே பார்த்தார். அவனும் பார்த்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. எடுத்தால் தெய்வநாயகி. அவளுடைய குரலில் உற்சாகம்.

"சீட்டை நெனச்சுத்தானுங்க கூப்புட்டீங்க? கவலைப்படாதீங்க, ஓட்டியாச்சு. ரெண்டரைக்கு கரண்டை நிறுத்தறாங்கன்னு சொன்னாங்க, நாளைக்கு உங்களுக்குக் கடைசி நாளாச்சேன்னு இப்பத்தான் நானே முடிச்சேன். முப்பத்திரண்டும் சரியா வந்துருச்சுங்க." பிறகு சிரித்தாள். "அது சரி, வாரிசுன்னு உங்க பேரையே போட்டு வெச்சிருக்கீங்களே. மகன் வந்து கையெழுத்துப் போடணும்னு அடிச்சிருக்குது பாருங்க."

அவன் ரிசீவரை வைப்பதற்குள் பெட்டிக்கடைக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "இங்கதான் இருக்கியா சின்னராஜு. வா. நீ எந்திரிச்ச எடத்துலயே சாஞ்சு உக்காந்திருக்குது உங்கம்மா."

அவன் யார் என்று அந்தத் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. செய்யவேண்டியதை எல்லாம் அவன் தோளைத் தொட்டுச் சொன்னார்கள், அவன் செய்தான். அவள் நெற்றியில் காசு வைக்கச் சொன்னபோது பையைத் துழாவினான். அந்த எட்டணாதான் கையில் வந்தது. பொழுது சாய்வதற்குள் தலையையும் மீசையையும் மழித்து, தோளில் பானையை ஏற்றி, மூன்று சுற்று சுற்ற வைத்துக் கொள்ளியைக் கையில் கொடுத்தார்கள். மனப்பூர்வமாக அழுதான். ஒருவேளை அவளுக்காக அழ அந்த ஊரில் உண்மையிலேயே அவன் ஒருவன்தான் இருந்தானோ என்னவோ. ஆய்வேட்டை மறுநாள் தெய்வநாயகியே கட்டி, அவன் சார்பில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். பேராசிரியருக்கு ரொம்பத் திருப்தி.

சனிக்கிழமை காலையில் அவன் நாமகிரிப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். வேறு போக்கிடம் தெரியவில்லை. நல்லம்மாள் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கேட்டைத் திறந்து வருகிறவனைப் பார்த்து முதலில் யாரோ என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு வாளியைக் கீழே வைத்தாள். கோயில் மொட்டை என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. அவன் மேலுதட்டையும் அவள் பார்த்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருக்கிறவன் அப்படி வந்து நிற்கமாட்டான்.

"யாருக்குச் சாமி இது?" என்றாள் மெதுவாக.

உள்ளதைச் சொல்வதானால் ஒரே சொல்தான். அம்மாவுக்கு. அதை இவளுடைய முகத்துக்கு நேரே சொல்ல நாக்கு எழவில்லை. ஏதோ ஒரு பெயரைச் சொன்னால் போதும், ஒரு சிநேகிதனுடைய அப்பா, ஒரு வாத்தியார், நம்பிவிடுவாள். அவனுக்குத்தான் பொய் சொல்ல வராதே. ஆனால் எந்தப் பெயரைச் சொன்னாலும், அந்தப் பெயரில் எங்கேயோ ஓர் ஊரில், ஒரு தெருவில், யாராவது இருப்பார்கள்.

"கேக்கறனே, யாருக்கு?" என்று நல்லம்மாள் அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். சின்னராஜ் வாயைத் திறக்காமல் நின்றான்.