ரெண்டு லைட் பட்டரி

கெலிஓயாவில் றவூப் நானாவின் வாடகைக் கடையில் அமைதியின் விலை நாளொன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பெற்றோலில் ஓடும் புல்வெட்டு மெசினுக்கு இரண்டாயிரத்து இருநூறு, பட்டரியில் ஓடுவதற்கு நாலாயிரம். இரண்டும் வெட்டுவது அதே புல்லைத்தான். கூடுதலாகக் கொடுக்கிற காசுக்குச் சத்தமின்மை ஒன்றுதான் கிடைக்கும்.

"சத்தம் போடாததுக்குக் காசா நானா? இது என்னா அநியாயம்?" என்று மோகனராஜ் முன்பொருமுறை கேட்டிருந்தான்.

"சத்தம் போடாத பொஞ்சாதி கெடச்சா எவ்வளவு தருவீங்க தம்பி? அதவிடக் கொறச்சித்தான் போட்டிருக்கன்."

மோகனராஜுக்கு அப்படி ஒரு பொஞ்சாதி கிடைக்கவில்லை. சந்திரிகா பேசுகிறவள், பேசினால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த வாரம் அவள் பேசியது தன் அண்ணன் மூக்கையாவைப் பற்றி. இரண்டு வருடத்துக்கு முன் தேயிலை மலையில் மூக்கையாவைக் குளவி கொட்டியது. மற்றவர்களுக்கு வீங்கி வடிகிற கொட்டு அவருக்குத் தொண்டையை அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்த டொக்டர், இன்னொரு தரம் கொட்டினால் தன்னிடம் கொண்டுவந்து சேர்க்க நேரம் இருக்காது என்று சொல்லி அனுப்பினார். மலை வேலை அத்தோடு போயிற்று. மோகனராஜ் புல்வெட்டும் கொந்தராத்து எடுப்பவன். பள்ளிக்கூட மைதானம், மயானம், ஹோட்டல் புல்தரை என்று டவுனை ஒட்டிய வேலைகளுக்கு மச்சானைச் சேர்த்துக்கொண்டான்.

இப்போது வந்திருந்த வேலை டவுனில் இல்லை. கலஹா ரோட்டுக்கு மேலே ஒரு தோட்டம். பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருந்தார்கள். அதற்கு ஏறும் நடைபாதையில் மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து கிடந்தது. வெளிநாட்டு விருந்தாளிகள் பகல் இரண்டு மணிக்கு வருவதற்குள் பாதை தெரிய வேண்டும். நல்ல காசு. பாதையின் நடுவில் ஒரு மாரா மரம். மரத்தின் கவட்டையில் நெல்லு மூட்டை அளவில் ஒரு குளவிக்கூடு.

"அண்ணன அங்கிட்டு கூட்டிட்டுப் போறதா இருந்தா சத்தம் போடாத மெசின எடுங்க. இல்லாட்டி அண்ணனும் போக வேணாம், நீங்களும் போக வேணாம்" என்றாள் சந்திரிகா.

மூக்கையா இல்லாமல் இரண்டு மணிக்குள் முடியாது. ஆகவே மோகனராஜ் தன்னுடைய இரண்டு பெற்றோல் மெசின்களையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, வேலை நாளன்று காலையில் றவூப் நானாவின் கடைக்கு வந்தான்.

வாடகை மெசின் உலகத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மெசின் கடையிலிருந்து வெறும் தாங்கியோடு போகும், வெறும் தாங்கியோடு திரும்பும். எண்ணெய் எடுக்கிறவன் பாடு. முப்பது வருடமாக றவூப் நானா இப்படித்தான் பிழைத்தார். பட்டரி மெசின் வந்தபோதும் வழக்கத்தை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. முந்தின நாள் பிலிமத்தலாவைக்காரர் ஒருவர் திருப்பித் தந்த பட்டரி, தந்தபடியே தட்டில் இருந்தது. மற்றப் பட்டரி கட்டுகஸ்தோட்டைக்குப் போயிருந்தது.

மோகனராஜ் பட்டரியின் பொத்தானை அமுக்கினான். நாலு சின்ன விளக்குகளில் இரண்டு பச்சையாக எரிந்தன.

"என்னா நானா, ரெண்டு லைட்டுதான் எரியுது?"

"ரெண்டு ஈக்கிதானே. சார்ஜ்ல போடுறன், ஒரு மணித்தியாலத்துல நாலும் வந்துடும். டீ ஒண்டு குடிச்சிட்டுப் போங்களேன்."

நல்ல யோசனை. றவூப் நானாவின் டீயும் மோசமில்லை. ஆனால் மோகனராஜின் கண்ணுக்கு அந்த நேரம் எரியாத இரண்டு விளக்குகள் ஆபத்தாகத் தெரியவில்லை, விலைக் கழிவாகத் தெரிந்தன.

"பாதி சார்ஜுக்கு எப்புடி நானா முழு வாடக கேப்பீங்க?"

றவூப் நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பேரம் என்று வந்துவிட்டால் அவருக்கு டீயும் மறந்துபோகும், சார்ஜரும் மறந்துபோகும்.

"சரி, மூவாயிரத்தி ஐந்நூறு தாங்க."

"பாதின்னா பாதி. ரெண்டாயிரம்."

"பட்டரிதான் தம்பி பாதி. மெசின் முழுசா ஈக்கி. பிளேட் முழுசா ஈக்கி. பெல்ட்டு முழுசா ஈக்கி."

"அப்ப பட்டரி இல்லாம குடுங்க, ஓட்டிக் காட்டுறேன்."

"ஒங்கட வாய்க்குத் தனியா வாடக எடுக்கோணும். மூவாயிரம், கடைசி."

"பெற்றோல் மெசின என்ன வெலைக்குக் குடுக்குறீங்களோ அதான் தருவேன். அதுக்கு மேல ஒரு சதம் இல்ல."

அவன் வாசற்படி வரை போனான். றவூப் நானா அவனை வாசற்படி வரை போகவிட்டார். இருவருக்கும் அந்தப் படி எதற்காக இருக்கிறது என்று தெரியும். இரண்டாயிரத்து இருநூறுக்கு முடிந்தது. பெற்றோல் மெசினின் விலைக்குப் பட்டரி மெசின், அமைதி இனாம். ஓட்டோவில் ஏறும்போது மோகனராஜுக்கு அன்றைய நாள் நன்றாகத் தொடங்கியிருப்பதாகவே பட்டது.

தோட்டத்தில் மூக்கையாவும் பொத்தானை அமுக்கிப் பார்த்தார்.

"என்னா மாப்புள, அரைக் கண்ணுல பாக்குது?"

"நம்ம வேலைக்குப் போதும் மச்சான். மரத்தடி மட்டுந்தானே. அளந்துதான் எடுத்தேன்."

அளந்தது விலையை. மூக்கையாவுக்கு அது தெரியாது. அவர் சிரித்துவிட்டுப் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

மோகனராஜும் கூலிக்கு வந்த திலக்ஷனும் பெற்றோல் மெசின்களோடு பாதையின் அடிவாரத்தில் தொடங்கினார்கள். அவை கத்தின, கையை நடுங்க வைத்தன, நீலப் புகையைக் கக்கின. ஆனால் தாகம் எடுத்தால் போத்தலைக் கவிழ்த்தால் போதும். மேலே மரத்தடியில் மூக்கையாவின் மெசின் தையல் மெசின் மாதிரி மெதுவாக இரைந்துகொண்டிருந்தது. கூட்டில் அசைவில்லை. அதை மோகனராஜ் இரண்டு தரம் நின்று பார்த்துத் திருப்திப்பட்டான்.

மானாப்புல் பட்டரியைத் தின்கிற புல். தண்டு மூங்கில் குச்சி மாதிரி இருக்கும். பத்து மணிக்கு ஒரு விளக்குத்தான் மிச்சம், பத்தேகாலுக்கு அதுவும் இல்லை. மெசின் எந்த முனகலும் இல்லாமல் நின்றது. மரத்துக்கு நேர் கீழே எட்டடிப் புல் பாக்கி.

"நம்ம லயத்து வீட்டுல சார்ஜ் போட்டுட்டு வருவோமா?" என்றார் மூக்கையா, இறங்கி வந்து.

"காலையிலருந்து லயத்துல கரண்ட் இல்ல அண்ணே" என்றான் திலக்ஷன்.

"அப்ப விடுங்க. வீட்டுல புஷ்பத்துகிட்ட கத்தி இருக்கு. வாங்கிட்டு வந்து கையால அறுத்துப்புடுறேன். சத்தமும் இல்ல, சார்ஜும் வேணாம்."

"அறுத்து முடிக்கப் பொழுது சாஞ்சிடும் மச்சான்."

அப்போது தோட்டத்துக் கண்டாக்கையா மோகனராஜுக்குப் போன் எடுத்தார். வேலையை மேற்பார்க்கிறவர். விருந்தாளிகள் முன்னாலேயே வரலாம், பன்னிரண்டுக்குள் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அடுத்த மாதத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். எல்லாவற்றையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

மோகனராஜ் எட்டடியைப் பார்த்தான், கூட்டைப் பார்த்தான். பேரம் பேசிப் பழகியவனுக்கு எதிரே யார் இருந்தாலும் ஒரு விலை இருக்கும் என்று தோன்றும்.

"ரெண்டு நிமிசம். நான் வெட்டிப்புடுறேன். நீங்க ரெண்டு பேரும் ரோட்டுக்கு எறங்குங்க. மச்சான், நீங்க நிக்காதீங்க, ரோட்டத் தாண்டிப் போயிடுங்க."

"வேணாம் மாப்புள."

"போங்கன்னா."

மூக்கையா போனார். அவர் ரோட்டை எட்டும் வரை காத்திருந்துதான் மோகனராஜ் கயிற்றை இழுத்தான். அந்த அளவுக்கு அவன் கவனமானவன்.

முதல் நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பாதி வெட்டியாயிற்று. மெசினின் அலறலில், மேலே இருந்து வந்த இரைச்சல் அவன் காதில் விழவில்லை. முதல் கொட்டு பிடரியில் விழுந்தபோதுதான் நிமிர்ந்தான். கவட்டையில் வெறும் கூடு மட்டும் தெரிந்தது. கூட்டைப் போர்த்தியிருந்தவை எல்லாம் காற்றில் இருந்தன.

ஓட முடியவில்லை. பெல்ட்டின் கொக்கி கழலவில்லை. மெசினோடு சரிந்து விழுந்தான். விழுந்த மெசின் நிற்காமல் மண்ணில் கிடந்து கத்தியது, குளவிகள் அந்தக் கத்தலைத் தேடித் தேடி வந்தன. கண்ணை மூடிக்கொண்டு அலறினான். என்ன சொல்லி அலறினான் என்று பிறகு அவனுக்கு நினைவில்லை. திலக்ஷனுக்கு நினைவிருந்தது. "மச்சான்" என்றுதான்.

திடீரென்று மெசின் நின்றது. யாரோ பெல்ட்டின் கொக்கியை நெம்பிக் கழற்றினார்கள். ஒரு சாக்குப் படங்கு அவன் மேல் விழுந்தது. யாரோ அவனைப் படங்கோடு சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டு போனார்கள்.

ரோட்டில் படங்கை விலக்கியபோது மோகனராஜின் முகம் அடையாளம் தெரியவில்லை. அவனைக் கொட்டியவற்றுக்குக் கணக்கில்லை. மூக்கையாவைக் கொட்டியது மூன்று. காதுக்குக் கீழே இரண்டு, கையில் ஒன்று.

ஓட்டோவில் திலக்ஷன் ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு இறங்கினான். பின் சீட்டில் மூக்கையா மோகனராஜின் தோளில் தலையைச் சாய்த்திருந்தார்.

"ரோட்டுலதான் மாப்புள நின்னேன்" என்றார். "நீ கத்துன கத்துல..." உதடு தடித்துவிட்டது. மீதியைக் கையால் சொன்னார்.

இரண்டாவது வளைவில் அவருக்கு மூச்சு விசில் அடித்தது. பாலத்தைத் தாண்டும்போது அதுவும் கேட்கவில்லை. ஓட்டோ போட்ட சத்தத்தில் எந்த இடத்தில் அந்த மூச்சு நின்றது என்று மோகனராஜுக்குத் தெரியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் உள்ளே எடுத்தார்கள். ஒருவனுக்கு மட்டும் கட்டில் தேவைப்பட்டது.

செத்த வீட்டில் சந்திரிகா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சத்தம் போடாத மெசினத்தானே எடுத்தீங்க?"

"அதத்தான் எடுத்தேன்."

அதில் பொய் இல்லை. கடைக்காரர்கள் சத்தியம் பண்ணுகிற மாதிரியான உண்மை.

றவூப் நானா தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். லயத்தின் பின்பக்கம், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் மோகனராஜைத் தனியாகக் கூட்டிப் போனார்.

"சார்ஜ் போடாம நான் அதக் கையில தந்து ஈக்கப்படாது தம்பி. என்ட பிழை."

"போடுறேன்னு சொன்னீங்களே நானா. நான்தான் நிக்கல்ல."

"ஒங்களப் புடிச்சி இருத்தி ஈக்கோணும். வெல பேசுற நேரமா அது?"

"பேசினது நான்."

ஒருவர் சொன்னதற்கு மேல் மற்றவர் ஏற்றிக்கொண்டே போனார்கள். இத்தனை வருடத்தில் அந்த இரண்டு பேரும் விலையை ஏற்றிப் பேசியது அன்றைக்குத்தான். எந்த இடத்திலும் முடியவில்லை. தண்ணீர்க் குடத்தோடு யாரோ வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் மோகனராஜ் ஓர் உறையை எடுத்துக்கொண்டு மூக்கையாவின் வீட்டுக்குப் போனான். உறையில் ஐம்பதாயிரம். தன் பெற்றோல் மெசின் இரண்டையும் விற்ற காசு அது. அவர் மனைவி புஷ்பம் கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"இத வச்சிக்கங்க அக்கா. செலவுக்கு."

"அன்னைக்குச் சம்பளம் இன்னும் வரல தம்பி. அது இதுல இருக்கா?"

"எல்லாம் இதுலதான்."

"எல்லாம் வேணாம். நாள் சம்பளம் எவ்வளவு?"

"மூவாயிரம்."

"வேல எத்தன மணிக்கு நின்னுச்சு?"

அவன் உறையை மற்றக் கைக்கு மாற்றினான்.

"பத்தரைன்னு திலக்ஷன் சொன்னுச்சு" என்றாள் அவள். "அப்ப அரைப்பேர்."

பாதி நாள் வேலைக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். அரைப்பேர் விழுந்த நாளில் பாதிச் சம்பளம்.

"என்னாக்கா பேச்சு இது. முழுப்பேரா வாங்கிக்கங்க. இதையும் வாங்கிக்கங்க. மச்சான் எனக்காக..."

"பீலிகிட்ட நீங்களும் கடை மொதலாளியும் பேசுனது கேட்டுச்சு தம்பி. கொடத்தோட வந்தது நாந்தான்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குப் பேச ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"அப்ப ஏன் அக்கா அரைப்பேர் மட்டும்..."

"முழுசா வாங்குனா, முழுசா குடுத்தாச்சுன்னு நீங்க போயிடுவீங்க. நான் வாங்க மாட்டேன்."

வாசல் வரை போனால் கூப்பிடுவாளோ என்று அவன் கால்கள் பழக்கத்தில் நினைத்தன. போனான். அவள் கூப்பிடவில்லை. திரும்பி வந்தான். உறையிலிருந்து ஐயாயிரம் தாள் ஒன்றை அவளே உருவினாள், அலுமாரியைத் திறந்து மீதி எடுத்தாள், நூறு ரூபாய்த் தாள்களாகவே இருந்ததால் எண்ணி முடிக்க நேரம் பிடித்தது. அவன் கையை விரித்து அதில் வைத்து, சரியா என்று பார்க்கச் சொன்னாள். பார்த்தான். சரியாக இருந்தது.

அரைப்பேர், ஆயிரத்து ஐந்நூறு, புஷ்பத்திடம். மீதி நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு, மோகனராஜிடம்.