சிதம்பரத்து சர்வரில் 7.2

கடலூரிலும் சிதம்பரத்திலும் கிளை வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சர்வர்களைச் சத்யப்பிரியாதான் பார்த்துக்கொண்டாள். சர்வரின் சூடு, டிஸ்க், மின்விசிறி எல்லாவற்றையும் கண்காணித்து, கோளாறு என்றால் குரல் கொடுக்கும் மேலாண்மை மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. கடலூரில் அவளே நிறுவினாள். சிதம்பரத்தில் நிறுவியது அந்தக் கிளையில் இருக்கும் செம்பியன். அவளைவிடப் பத்து வருஷம் அனுபவம் கூடியவர்.

மறுநாள் காலையில் கடலூர் அலுவலகத் திரையைப் பார்த்தாள். கடலூருக்கு நேரே 7.2 என்றிருந்தது. சிதம்பரத்துக்கு நேரே பழைய 6.9. செம்பியனைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, இன்னும் பழசத்தான் காட்டுது."

"நேத்தே போட்டாச்சும்மா. முடிஞ்சுதுன்னு திரையிலயே வந்துச்சு. கொஞ்ச நேரம் போனா தானா மாறும்."

மதியம் வரைக்கும் மாறவில்லை. நோயாளிகளின் விவரம் இருப்பதால் வெளியிலிருந்து அந்த சர்வருக்குள் நுழைய வழியில்லை. அவரைச் சந்தேகப்படுவதுபோல ஆகிவிடுமே என்று கொஞ்சம் தயங்கினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவளைக் கண்டதும் செம்பியனின் முகம் சுருங்கியது. "என் மேல நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல இருக்குண்ணே. அந்த நம்பர் மேலதான் இல்ல."

சர்வர் அறையில் உட்கார்ந்து, பதிப்பைக் கேட்கும் கட்டளையைத் தட்டினாள். 6.9. புதுப் பதிப்பின் கோப்புகள் எல்லாம் சரியாகத்தான் வந்து இறங்கியிருந்தன. ஆனால் ஒருமுறை நிறுத்திக் கிளப்பாததால் பழையதே ஓடிக்கொண்டிருந்தது.

செம்பியன் கழுத்தைத் தடவிக்கொண்டார். "சர்க்கரை டெஸ்டுக்கு வெறும் வயித்தோட நாப்பது பேரு உக்காந்திருந்தாங்கம்மா. அந்நேரம் சர்வர நிறுத்த மனசு வரல. சாயங்காலம் பாத்துக்கலாம்னு உட்டேன். அப்படியே மறந்துபோச்சு."

"சர்வரையே நிறுத்த வேணாம்ணே. இந்த மென்பொருள மட்டும் நிறுத்திக் கிளப்பினா போதும். ரெண்டு நிமிஷ வேலை."

"அட, அவ்ளோதானா?"

அவரையே செய்யச் சொன்னாள். செய்தார். மறுபடி பதிப்பைக் கேட்டபோது 7.2 என்று வந்தது. அதோடு விட மனமில்லாமல், தகவல் கடலூர் போய்ச் சேர்கிறதா என்று அங்கே கூட வேலை பார்க்கும் மாலதிக்குப் போன் போட்டாள்.

"7.2 வந்துடுச்சுடி. ஆனா செவப்பா ஒண்ணு எரியுது. சிதம்பரத்துல ரெண்டாவது டிஸ்க்காம்."

சத்யப்பிரியா அதைச் செம்பியனிடம் சொன்னாள். அந்த வகை டிஸ்க்கின் உடல்நிலையைப் படிக்கப் பழைய பதிப்புக்குத் தெரியாது. அது சாகக் கிடந்தது யாருக்குமே தெரிந்திருக்கவில்லை. ஒரே தகவலைத்தான் இரண்டு டிஸ்க்கும் வைத்திருந்தன; மற்றொன்றும் போயிருந்தால் ஐந்து வருஷத்து ரிப்போர்ட்டும் போயிருக்கும்.

செம்பியன் பீரோவைத் திறந்து புது டிஸ்க்கை எடுத்து வந்தார். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதை உருவி, புதியதைச் சட்டென்று செருகினார். இந்த வேலையில் அவருக்கு ஈடு அவர்தான் என்று சத்யப்பிரியா நினைத்துக்கொண்டாள். இருக்கும் டிஸ்க்கிலிருந்து எல்லாம் நகலாகி முடிய நாலு மணி நேரம் ஆயிற்று. வாசலில் ரிப்போர்ட் வாங்க வந்தவர்கள் வழக்கம்போல வாங்கிக்கொண்டு போனார்கள்.

அறிக்கை எழுதும்போது, "நான் மறந்ததையும் எழுதிடும்மா," என்றார் செம்பியன்.

"எழுதிட்டேன். டிஸ்க்க மாத்துனது நீங்கன்னும் எழுதிட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, வா. இன்னும் சாப்புடல நீ." ஓட்டலில் அவளுக்கு இட்லியும் அந்த ஊர்க் கத்திரிக்காய்க் கொத்சும் சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் மூன்று வடை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது, அலுவலகத் திரையை மாலதி படமெடுத்து அனுப்பியிருந்ததைப் போனில் பார்த்தாள். இரண்டு ஊரும் பச்சையாக இருந்தன. போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சாய்ந்தவள், கடலூர் வந்து கண்டக்டர் கூப்பிடும்வரை நன்றாகத் தூங்கினாள்.