பன்னிரண்டு அடி

சௌம்யா நிற்கும் இடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு அடிக்கு மின்சாரம் ஓடாது. பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. கம்பி வழியாக வருவதுதான் நின்றுவிடும். அவள் மின்பொறியியல் பட்டம் வாங்கிய வாரத்தில் தொடங்கிய இந்தச் சங்கதி, ஒரு மாதத்துக்குப் பிறகு கள்ளிக்குப்பத்தில் யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. அம்மா வடிவு மிக்சி போடும்போது மகளை மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுவாள். எதிர்வீட்டு டிவியில் கிரிக்கெட் ஓடினால் சௌம்யாவே தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள்.

வேலைதான் கிடைத்தபாடில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்ச்போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் அவள் நுழைந்ததும் சோதனைக்கூடமே இருண்டது. தகவல் சொல்கிறோம் என்று மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். இப்படிப் பதினான்கு கம்பெனி. படித்தது மின்சாரம், தன்னைக் கண்டு ஓடிப்போவதும் மின்சாரம் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் அழுகை வராது? அழுது முடித்துவிட்டு சோலார், ரிலே, பாதுகாப்பு விதிகள் என்று மூன்று வகுப்பு படித்தாள். போன இடமெல்லாம் களத்தில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்றே கேட்டார்கள். ஆனி மாதத்தோடு வடிவு கெடு வைத்துவிட்டாள். அதற்குள் கிடைக்காவிட்டால் பாடியில் மாமாவின் துணிக்கடையில் கல்லாவில் உட்கார வேண்டும்.

கெடுவுக்கு நான்கு நாள் இருக்கையில், மின்கம்பி மாற்றும் வேலைகளை எடுத்துச் செய்யும் காண்டிராக்டர் பரந்தாமன், ஒரு நாள் வந்து பார்க்கச் சொன்னார். கரையான்சாவடியில் வேலை. டிரான்ஸ்பார்மரை நிறுத்தியாகிவிட்டது. முப்பது வருடமாகக் கம்பம் ஏறும் வேம்புலி மேலே இருந்தார். எதற்கு வம்பு என்று சௌம்யாவை வேன் பக்கம் தள்ளி நிற்கவைத்தார் பரந்தாமன்.

அங்கிருந்துதான் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டார்கள். ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பழுதாக இருந்தால், அந்த மின்சாரம் மண்டபத்தோடு நிற்காமல் தெருக்கம்பிக்கே திரும்பி வரும். கத்திக்கொண்டே ஓடினாள். வேம்புலியின் கை கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கம்பத்தடியில் போய் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. அவர் இருபதடி உயரத்தில் இருந்தார். வாழ்க்கையில் ஏணி ஏறியிராதவள் செருப்பை உதறிவிட்டு, கம்பத்தில் சாத்தியிருந்த ஏணியில் ஏறினாள். மூன்றாவது படி, ஐந்தாவது படி, அவர் கை கம்பியை விடவில்லை. தன் பன்னிரண்டு அடி இன்றைக்குப் பார்த்துப் பொய்யாகிவிட்டால் என்ற நினைப்போடே அடுத்த படியைப் பிடித்தாள். எட்டாவது படியில் வேம்புலியின் விரல்கள் விரிந்தன. இடுப்பு பெல்ட் தாங்கிக்கொள்ள, அவர் தொங்கினார். மற்றவர்கள் ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தும்வரை அவள் இறங்கவில்லை.

நான்காம் நாள் பரந்தாமன் கூப்பிட்டு வேலை கொடுத்தார். வண்டியில் ஏற்றும் சாமான்களின் பட்டியலில் எழுதியிருந்தார்: கயிறு இரண்டு, ஏணி ஒன்று, கையுறை ஆறு ஜோடி, சௌம்யா ஒன்று. படித்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அந்தப் பட்டியலின் மேல் வைத்தாள். மூன்று நாளாகக் கரையான்சாவடியில் கடை கடையாக ஏறி இறங்கி, சேஞ்ச்ஓவர் பெட்டிகளைத் திறந்து பார்த்திருந்தாள். ஒன்பது பழுது.

“நான் பக்கத்துல நிக்கிறதுக்குச் சம்பளம் வேணாம் சார். இதைக் கண்டுபிடிச்சதுக்குக் குடுங்க.”

கட்டுப்போட்ட கையோடு பெஞ்சில் இருந்த வேம்புலி மெதுவாகச் சொன்னார்.

“அந்தப் பொண்ணு பேரு சாமான் லிஸ்ட்ல கீதா, ஆளுங்க லிஸ்ட்ல கீதான்னு பாத்துட்டுத்தான் நான் கம்பம் ஏறுவேன். நம்ம ஆளுங்களும் அப்டித்தான்.”

இப்போது வருகைப் பதிவேட்டில் இன்ஜினியர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கிறது. பூந்தமல்லிப் பக்கம் கடைவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து திரும்ப எரிந்தால், இன்ஜினியரம்மா செக்கிங் வருகிறார் என்று கடைக்காரர்கள் சேஞ்ச்ஓவர் பெட்டியைத் திறந்து வைக்கிறார்கள்.