பறந்து போன அண்ணனும் உருண்டு போன சட்டைகளும்

"அதெப்படிங்ணா, ஏரோப்ளேன்ல போனா மட்டும் ஈரம் காஞ்சிருமா?"

சாரதாமணி இப்படிக் கேட்டதும் ஆத்தப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அண்ணனும் தங்கையுமாகத் தங்கள் ஊரான மண்ணரையில் நடத்தும் பனியன் கம்பெனிக்கு, வெளிநாட்டுக்காரன் ஒருவன் நேராகத் தரப்போகும் முதல் ஆர்டர் அது. நாளைக் காலை மெட்ராஸ் ஓட்டலில் சாம்பிள் பார்ப்பான். மதியமே ஊருக்குக் கிளம்பிவிடுவான். ஆத்தப்பன் கோயமுத்தூரிலிருந்து காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்து, பொங்கலூர் சொந்தக்காரர்கள் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

சாம்பிள் சட்டைகளில் தையல் மிஷின் ஆயில் சொட்டியிருந்ததை இன்று மத்தியானம்தான் பார்த்தார்கள். அவசரமாக அலசிப் போட்டால், பொழுது சாய்ந்தும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது.

"தேச்சு எடுத்துட்டுப் போயிர்றேன் கண்ணு."

"ஈரத்துல தேச்சா இழுத்துக்குமுங்ணா. அவன் டேப்பு வெச்சு அளப்பான். அப்படியே கவர்ல போட்டா நாத்தம் புடிக்கும்."

"அப்பறம் என்னதான் பண்றது?"

"நம்ம வேனுக்குள்ள கயிறு கட்டித் துணியப் போட்டுட்டு இப்பவே கிளம்பறேன். ரோட்டுல பத்து மணி நேரம் காத்தடிக்குமில்லீங்க?"

"ஒரு மணி நேரத்துல பறந்து போறத உட்டுப்போட்டு?"

"நீங்க பறந்து வாங்க. துணி உருண்டு வரட்டும்."

டிரைவர் ஆறுச்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டான். கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கும் மாரக்காளும் துணைக்கு ஏறிக்கொண்டாள்.

சேலம் தாண்டியதும் மழை விட்டது. ஜன்னலைத் திறந்துவிட்டதும் குழந்தைச் சட்டைகள் வேன் முழுக்கக் கையை ஆட்டின. விடிகாலையில் திண்டிவனத்தில் டீ குடிக்க நின்றபோது ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு எவ்ளோம்மா?"

"விக்கறதுக்கில்லீங்க, எங்கூட்டுத் துணி" என்றாள் மாரக்காள்.

"அத்தினி புள்ளைங்களா!"

சாரதாமணிக்கு டீ புரையேறிவிட்டது.

மெட்ராசில் ஓட்டல் பக்கத்திலேயே ஓர் இஸ்திரி வண்டியைப் பிடித்து, காய்ந்த சட்டைகளைத் தேய்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனால், ஆத்தப்பனைக் காணோம். கோயமுத்தூரிலிருந்து அவர் போட்ட டிரங்க் கால்தான் ஓட்டலுக்கு வந்தது.

"மேகம் மூடிக் கெடக்குது கண்ணு, ப்ளேன் இன்னும் எடுக்கவேயில்ல. நீயே காட்டிப்போடு."

"நான் இங்கிலீஷுக்கு எங்கீங்ணா போவேன்?"

அதற்குள் லைன் அறுந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனி இங்கிலீஷ். கழுத்துப் பட்டைக்கு நெக் ரிப், பக்கத் தையலுக்கு சைடு சீம், கைக்கு ஸ்லீவ். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். வெளிநாட்டுக்காரன் டேப்பால் அளந்தான், இழுத்து விட்டுப் பார்த்தான், முகர்ந்துகூடப் பார்த்தான். பிறகு ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிப் போனான்.

மதியம் வந்து சேர்ந்த ஆத்தப்பன் ஆர்டரைச் சந்தோஷமாக இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அப்புறம் முதல் பேச்சு இதுதான்: "மேகம் மட்டும் இல்லீன்னா, நான் உனக்கு முன்னாடி வந்திருப்பேன்."

"வந்திருப்பீங்க, வெறுங்கையோட!"

திரும்பிப் போகவும் அவர் கையில் விமான டிக்கெட் இருந்தது. வேனிலோ, முன் சீட்டில் இடம் கிடந்தது. ஆறுச்சாமி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். வானத்தில் ஒரு மணி நேரமா, ரோட்டில் பத்து மணி நேரமா? ஏனுங்க, நீங்களா இருந்தா எதுல ஏறியிருப்பீங்க?