டில்டா படுத்த கோட்டு

ஹார்லன் பிரெக்கியின் நாய் அவனை விட்டுவிட்டு, பக்கத்துப் பண்ணைக்காரி அயோனியோடு வேட்டைக்குப் போக ஆரம்பித்து இரண்டு சீசன் ஆகிவிட்டது. அந்த நாய் டில்டாவைக் குற்றம் சொல்ல முடியாது. சோளக்காடு முழுக்க மோப்பம் பிடித்து அது ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழியை எழுப்பிப் பறக்கவிடும். இவன் ஆகாயத்தைச் சுடுவான். எந்த நாய்க்குத்தான் பொறுக்கும்?

ஆகஸ்டில் துப்பாக்கி ரிப்பேர் செய்யும் என் பட்டறைக்கு ஹார்லன் வந்து, தன் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். சட்டையை விலக்கித் தோளைக் காட்டினான். அந்தத் துப்பாக்கிக் கட்டையின், தோளில் முட்டுக்கொடுக்கும் பின்முனையில் கெட்டியான தகடு ஒன்று உண்டு. அதில் ஒரு நாய்த்தலை புடைத்துக்கொண்டிருக்கும். குறி பழக வீசியெறியும் களிமண் தட்டுகளைச் சுட்டுச் சுட்டு, துப்பாக்கி உதைத்ததில் அந்தத் தலை அப்படியே நீலமாகத் தோளில் பதிந்திருந்தது.

"பரவால்லியே, ஒரு நாயாவது உங்கூட இருக்கு" என்றேன்.

"சிரிக்காத வெர்னா. உதைக்கப் போகுதேன்னு சுடும்போதே கண்ணு மூடிக்குது. தகட்ட எடுத்துட்டு ரப்பர் மெத்தை வச்சுக் குடு. எனக்கு என் நாய் வேணும்."

எனக்கே சங்கடமாகப் போயிற்று.

மெத்தை தகட்டைவிடத் தடிமன். துப்பாக்கியின் நீளம் மாறாமல் இருக்க மரத்தை அறுக்க வேண்டும். பழைய வால்நட் கட்டையில் ரம்பம் வைக்க எனக்கும் மனம் வராது, அவனும் விடமாட்டான். அவன் அப்பா குள்ளம், இவனுக்கோ நீளக் கை. கொஞ்சம் நீளம் கூடினாலும் இவனுக்குச் சரியாகவே இருக்கும், அறுக்காமலே வைக்கலாம் என்று தோன்றியது.

"வேட்டைக்குப் போடுற கோட்ட மாட்டிக்கிட்டு வா, அளந்துரலாம்."

"இந்த வெயில்லயா? வெந்து சாகவா? பனியனோடயே அள."

"அக்டோபர்ல பனியனோடதான் போகப்போறியா?"

"அளம்மா தாயே."

எக்கேடோ கெட்டுப் போ என்று அளந்தேன். மரத்தில் கீறல் விழாதபடி டேப் சுற்றி, மெத்தையைத் திருகி, கட்டையின் வளைவுக்குத் தேய்த்து இறக்கினேன். மூக்கெல்லாம் கறுப்பு ரப்பர் தூள். நாய்த்தலைத் தகட்டைத் துணியில் சுற்றி அவனிடமே கொடுத்தேன்.

சீசன் தொடங்கிய அன்று நல்ல உறைபனி. ஹார்லன் கம்பளி வைத்த தடிக் கோட்டில் வந்தான். நானும் அயோனியும் கூடப் போனோம். டில்டா அயோனியின் காலடியிலேயே நடந்தது. முதல் கோழி ஹார்லனுக்கு முன்னால்தான் எழுந்தது. துப்பாக்கியைத் தூக்கினான். கோட்டின் தடிமனும் சேர்ந்து நீளம் அதிகமாகிவிட்டது. ரப்பர் அக்குளில் சிக்கிக்கொண்டு தோளுக்கு வரவேயில்லை.

"கோழி இந்நேரம் ஊர் போய்ச் சேந்திருக்கும். நீ இன்னும் துப்பாக்கியோட மல்லுக்கட்டிக்கிட்டு நில்லு" என்றாள் அயோனி. டில்டா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கோட்டைக் கழற்றித் தரையில் வீசினான். அந்தக் குளிரில் வெறும் பனியனோடு நின்றான், பாவி. அடுத்த கோழி எழுந்தது. கண்ணை மூடாமல் சுட்டான். விழுந்தது.

டில்டா பாய்ந்து போய்க் கவ்விக்கொண்டு வந்து, பழக்கதோஷத்தில் அயோனியின் காலடியில் போட்டது. ஹார்லனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னுது இல்லடி இது" என்றாள் அயோனி டில்டாவிடம் மெதுவாக.

டில்டா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நடந்துபோய், தரையில் கிடந்த கோட்டை முகர்ந்து, இரண்டு சுற்றுச் சுற்றி அதன்மேல் படுத்துக்கொண்டது. அயோனி கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்குத் துப்பாக்கிய எடுத்துட்டு வா. மெத்தையத் தேச்சு மெலிசாக்கித் தரேன், கோட்டோடயே சுடலாம்" என்றேன்.

"மெத்தையில கைய வைக்காத" என்றான் ஹார்லன், பல் கிடுகிடுக்க. "கோட்டு டில்டாவுக்கு வேணும்."