வரிசை எண் முப்பத்தெட்டு

கீழப்பாவளி நடுநிலைப் பள்ளியில் ஒரு பிள்ளையின் நடத்தையைப் புகார்க் குறிப்பேட்டில் மூன்று முறை எழுதிவிட்டால், அது அந்தப் பிள்ளையை விட்டு இறங்கிக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கும் ஒரு வரிசை எண் உண்டு. மூன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளும் ஆறு நடத்தைகளும் படித்தார்கள். 'இடத்தில் உட்காராமை' மட்டும் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும்.

இந்த ஏற்பாடு ஐந்து நாள் பயிற்சி ஒன்றில் பிறந்தது. குழந்தை வேறு, நடத்தை வேறு என்று ஒரு நிபுணர் திரையில் காட்டிவிட்டுச் சமோசா சாப்பிடப் போனார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு மறந்தார்கள். தலைமையாசிரியர் வேலாயுதம் மறக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. பிள்ளையைத்தானே சேர்க்கச் சொன்னார்கள், அதன் குணத்தையுமா சேர்க்கச் சொன்னார்கள் என்று கேட்டார். பதில் சொல்லும் அளவுக்கு யாருக்கும் அவர்மேல் மரியாதை இல்லை.

வகுப்பாசிரியை கோமதிக்குக் கவலையெல்லாம் மெர்லினைப் பற்றித்தான். எட்டு வயது. பேச்சு அதிகம் வராது. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்குள்ளேயே பாதி நீட்டிக்கொண்டு தொங்கியது. அதை வேப்பமரத்துக்கு மாற்றுங்கள் என்று கோமதி நான்கு முறை கேட்டாள். ஒரு பிள்ளைக்காக நகர்த்தினால் நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று கேட்பார்கள் என்றார் தலைமையாசிரியர். மணிக்கும் மரத்துக்கும் இருபது அடி தூரம்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் மெர்லினின் கத்தலை மூன்றாவது முறை எழுதினார். கத்தல் மெர்லினை விட்டு இறங்கி, கடைசி பெஞ்சில் முப்பத்தெட்டாவதாக உட்கார்ந்தது. அடுத்த மணிக்கு மெர்லின் காதைப் பொத்தி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. தலைமையாசிரியர் வாசலில் நின்று அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா டீச்சர், எவ்வளவு முன்னேற்றம்."

வாங்குகிற சம்பளத்துக்கு இதையும் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று கோமதிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் காலையில் மெர்லினின் அம்மா ஜெபராணி, சுற்றிக்கொண்டிருந்த பீடித்தட்டோடு அப்படியே வந்துவிட்டாள்.

"எம்புள்ள சத்தம் எங்க சார்? வீட்ல அத வெச்சுதான பாட்டு படிப்பா."

காரணம் தீர்ந்தால் சிவப்பு மையால் அடித்து விடுவிக்கலாம் என்று தலைமையாசிரியர் விளக்கினார். ஜன்னலோரம் தொங்குகிற மணிதான் காரணம், அதை மாற்றுங்கள் என்றாள் ஜெபராணி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாசலில் காத்திருக்கச் சொன்னார். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

கோமதி வகுப்புக்குப் போய்ப் புகார்க் குறிப்பேட்டைத் திறந்தாள். ஜன்னலுக்குள் இருப்பதெல்லாம் வகுப்பைச் சேர்ந்தது. முதல் மணி அடித்ததும், 'மணி: வகுப்பு நேரத்தில் கத்துதல்' என்று எழுதினாள். இரண்டாவது மணிக்கும் எழுதினாள். மூன்றாவதற்கு எழுதி முடித்தபோது மணியோசை தண்டவாளத்தை விட்டு இறங்கி, முப்பத்தொன்பதாவதாக வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு பியூன் சுடலை எவ்வளவு அடித்தும் துருதான் உதிர்ந்தது.

நான்கு மணியாகியும் பள்ளி விடவில்லை. மணி அடிக்காமல் விட விதியில் இடமில்லை. தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, முப்பத்தொன்பதின் பெற்றோரை அழைத்து வரும்படி சுடலையை ஸ்டேஷனுக்கு அனுப்பினார்.

நாலரைக்கு ரயில் வந்தது. நாற்பத்திரண்டு பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில். தலைமையாசிரியர் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நாற்காலி போடச் சொன்னார். உங்கள் பிள்ளை வகுப்பில் கத்துகிறது என்று மிகவும் தயங்கிச் சொன்னார்.

"ஜன்னல்கிட்ட தொங்கவிட்டா கத்தத்தான் செய்யும்," என்றது ரயில். "மரத்துக்கு மாத்துங்க."

"நானும் அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன் ஐயா."

பத்து நிமிடத்தில் தண்டவாளத் துண்டு வேப்பமரத்துக்குப் போனது. காரணம் தீர்ந்ததாகத் தலைமையாசிரியர் சிவப்பு மையால் இரண்டு வரிகளை அடித்தார். மணியோசை மரத்துக்குப் போனது. கத்தல் மெர்லினிடம் போனது. இதையேதான் நான் நான்கு முறை சொன்னேன் என்று கோமதி சொல்லவில்லை. அவளிடம் நாற்பத்திரண்டு பெட்டிகள் இல்லை.

சுடலை மணி அடித்தான். அது தூரத்தில் மெல்லக் கேட்டது. மெர்லின் காதைப் பொத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

ரயில் மட்டும் கிளம்பாமல் நின்றது. கிளம்ப விசில் வேண்டும். அதன் விசிலைச் சின்ன வயதில் வேறொரு பள்ளியில் மூன்று முறை எழுதிவிட்டார்களாம். மெர்லின் அம்மாவின் கையை விட்டுவிட்டு ரயிலின் அருகே போய், இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி, தன் கத்தலை முழுதாகக் கொடுத்தாள்.

ரயில் கிளம்பியது. கடைசிப் பெட்டி தாண்டும்வரை தலைமையாசிரியர் கைகூப்பி நின்றார். பிறகு உள்ளே போய்ப் புகார்க் குறிப்பேட்டில் மெர்லின் பெயருக்கு நேரே 'முதல் முறை' என்று எழுதினார்.